ஆறுதலும் மறதியும்: மும்பைத் தமிழர் வழிபாட்டை மனமருந்தாகக் காண்பார்க்கு ஒரு மறுப்பு

முன்னுரை

பேரிழப்பிற்கு ஆளானோர் தெய்வத்தை நாடுவது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் காணப்படும் இயல்பு. இவ்வியல்பை விளக்கப் புகும் ஆய்வுகள் பலவற்றில் ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. துயருற்றவர்க்குச் சமய நம்பிக்கை மன ஆறுதல் தருகிறது. ஆறுதல் நலம் பயக்கிறது. ஆதலின் நம்பிக்கை பயனுடையது என்பதே அவ்வாய்பாடு. தமிழ் வழிபாட்டு மரபுகளைக் குறித்து எழுதப்படும் கட்டுரைகளிலும் இது தயக்கமின்றி எடுத்தாளப்படுகிறது. ஒப்பாரி ஒரு வடிகால், சாமியாட்டம் ஒரு மருத்துவம், நேர்த்திக்கடன் ஒரு மனத்துணை என்று முடிவுரை எழுதி ஆய்வு நிறைவு பெறுகிறது.

இவ்வாய்பாடு முற்றிலும் பொய்யன்று. எனினும் பாதி உண்மையை முழு உண்மையாகக் காட்டுவது ஆய்வாகாது. நம்பிக்கை ஆற்றுகிறதா என்னும் வினாவோடு நிற்பவர், எதனை ஆற்றுகிறது, யார் செய்த கேட்டை ஆற்றுகிறது, ஆற்றியபின் அக்கேடு நினைவில் நிற்கிறதா மறைகிறதா என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் வாழும் மும்பைத் தமிழரின் பட்டறிவை முன்வைத்தும், தமிழ் இலக்கிய மரபை அளவுகோலாகக் கொண்டும் அவ்வாய்பாட்டின் குறையைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இழப்பின்மேல் எழுந்த நகர்

மும்பைத் தமிழர் வாழ்வில் இழப்பு இடையில் வந்து சேர்ந்த ஒன்றன்று. அவர்தம் குடியிருப்புகளின் தோற்றத்திலேயே அது உள்ளது. 1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோயின் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. அதன் திட்டங்களுள் ஒன்றாகவே தாதர், மாட்டுங்காப் பகுதிகள் வகுக்கப்பட்டன. அலுவலகப் பணி நாடி வந்த தென்னிந்தியர் பின்னர் மாட்டுங்காவில் குடியேறினர். அவர்களுள் பலர் காலப்போக்கில் செம்பூருக்கும் பரவினர். தாராவிக்கு வந்தவர் நிலை வேறு. வறுமையும் சாதிக் கொடுமையும் உந்தித் தள்ள, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடரும் தமிழ் முஸ்லிம்களும் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். ஒரே மொழியைப் பேசிய இவ்விரு குடியேற்றங்களையும் சாதியும் வருவாயும் பிரித்தன. ஒருசார் ஆய்வுகள் மாட்டுங்காவின் ஆஸ்திக சமாஜத்தையும் செம்பூர்ச் செட்டா நகரின் திருச்செம்பூர் முருகன் கோயிலையும் 'பண்பாட்டு அடையாளம்' என்னும் தலைப்பில் அடக்கிவிட்டுத் தாராவிச் சந்துகளின் சிறு கோயில்களை 'நாட்டார் நம்பிக்கை' என ஒதுக்குவது இப்பிரிவின் நீட்சியே எனலாம்.

குடியேறிய பின்னரும் இழப்பு தொடர்ந்தது. 1966 ஜூன் 19இல் தோன்றிய சிவசேனை தன் தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியரையே எதிரிகளாகக் காட்டியது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நிகழ்ந்த வகுப்புக் கலவரங்களில் 900 பேர் மாண்டனர் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் கணக்கிட்டது. அவர்களுள் முஸ்லிம்கள் 575 பேர்; இந்துக்கள் 275 பேர்; அடையாளம் தெரியாதோர் 45 பேர்; ஏனையோர் 5 பேர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆறு பெருக்கெடுத்தது. 2006 ஜூலை 11 அன்று மேற்கு இரயில் தடத்தில் ஏழு குண்டுகள் வெடித்தன. மாட்டுங்கா ரோடு, மாகிம் நிலையங்கள் அவ்விடங்களுள் அடங்கும். 2020 ஏப்ரல் 1இல் தாராவியின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். பின்வந்த மாதங்களில் வழிபாட்டிடங்கள் மூடப்பட்டன. உறவினர் சூழ்ந்து அழ இயலாத இறுதிச் சடங்குகள் நிகழ்ந்தன.

இவற்றுள் மழையும் நோயும் ஓரளவு இயற்கையின்பாற்படும். கலவரமும் குண்டுவெடிப்பும் மனிதர் செயல்கள். இவ்வேறுபாட்டைக் காணாமல் அனைத்தையும் 'துயரம்' என்னும் ஒரே சொல்லில் அடைப்பதிலிருந்துதான் பிழை தொடங்குகிறது. வெள்ளத்தில் வீடிழந்தவளுக்கும், அண்டை வீட்டான் வைத்த தீயில் வீடிழந்தவளுக்கும் வேண்டப்படும் ஆறுதல் ஒன்றன்று. முன்னவளுக்கு மீண்டும் ஒரு கூரை வேண்டும். பின்னவளுக்குக் கூரையோடு ஒரு விடையும் வேண்டும்.

'மருந்து' என்னும் கருத்தின் குறை

சமயத்தைத் துயர்தாங்கும் வழியாக ஆராய்ந்தவருள் அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் குறிப்பிடத்தக்கவர். 1997இல் வெளிவந்த அவரது நூல் இத்துறைக்கு அடித்தளமாயிற்று. ஆனால் அவரை மேற்கோளாகக் கொள்வோர் அவர் செய்த ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர். தெய்வம் துணை நிற்கிறது என்னும் உணர்வு துயரைத் தாங்க உதவுவதையும், தெய்வம் தன்னைத் தண்டித்தது என்னும் எண்ணம் துயரை மிகுவிப்பதையும் அவர் தனித்தனியே பிரித்துக் காட்டினார். நம்பிக்கை எப்போதும் ஆற்றும் என்பது அவர் கூற்றன்று.

சமயத்தை மக்களின் அபினி என்ற கார்ல் மார்க்சின் கூற்றுக்கும் இதே நிலை நேர்ந்தது. அபினி என்ற அதே பத்தியில் அவர் சமயத்தை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும், மெய்யான துயரத்திற்கு எதிரான முறையீடாகவும் கண்டார். பகுத்தறிவாளர் அபினியை மட்டும் எடுத்துக்கொண்டனர். பயன்பாட்டு வாதிகளோ அபினியையே மருந்தெனப் பெயர் மாற்றிக்கொண்டனர். முறையீட்டை இருசாராரும் கைவிட்டனர். கைவிடப்பட்ட அம்முறையீடே தமிழ் மரபில் மிக வலிமையுடன் ஒலிப்பது.

மாகிம் புனித மிக்கேல் ஆலயத்தின் புதன்கிழமைச் சகாய மாதா நவநாளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சமய வேறுபாடின்றி மக்கள் திரளும் அங்கு, குழந்தை, கை, கால், வீடு முதலிய வடிவங்களில் வார்த்த மெழுகு உருவங்கள் காணிக்கையாகப் படைக்கப்படுகின்றன. மெழுகு வீட்டைப் படைப்பவர் மன அமைதியை வேண்டி வருபவர் எனப் பதிவு செய்யும் ஆய்வாளர், அவர் கேட்டது வீடு என்பதை மறந்துவிடுகிறார். இடநெருக்கடிக்கும் குடிசை இடிப்புக்கும் பெயர்போன நகரில் மெழுகு வீடு ஒரு மனநிலை மட்டுமன்று. அது ஒரு கோரிக்கை.

தமிழ் மரபு தரும் அளவுகோல்

இழப்பிலிருந்து வழிபாடு பிறக்கும் முறையைத் தமிழ் மரபு மிகத் தெளிவாக வகுத்துள்ளது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல் நிறுவும் நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் சுட்டுகிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைகள் இவ்வடைவையே பின்பற்றிக் கண்ணகிக்குக் கோயில் எடுக்கின்றன. இவ்வமைப்பு ஆய்வாளர் யாவரும் அறிந்ததே. ஆயினும் அக்கோயிலுக்கு முன் நிகழ்ந்த இரண்டு செய்திகள் இங்கு எண்ணத்தக்கன.

முதலாவது, கனாத்திறமுரைத்த காதையில் வருவது. கணவனைப் பிரிந்து வருந்தும் கண்ணகியிடம், சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு கூடி இன்புறலாம் எனத் தேவந்தி கூறுகிறாள். துயர்தாங்கும் வழியாகச் சமயத்தைப் பரிந்துரைத்த முதல் தமிழ்க் கூற்றுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். கண்ணகி அது தனக்குப் பெருமையன்று என மறுக்கிறாள். தெய்வ நம்பிக்கை இல்லாமையால் மறுத்தாள் எனக் கொள்ள இடமில்லை. பின்னர்க் கதிரவனையே சான்றாக அழைப்பவள் அவள். வழிபாட்டை மருந்தாக உட்கொள்ளும் நிலையையே அவள் ஏற்கவில்லை.

இரண்டாவது, நிகழ்ச்சிகளின் வரிசை. கண்ணகி முதலில் அரசவைக்குச் செல்கிறாள், வழக்குரைக்கிறாள், சிலம்பை உடைத்துச் சான்று காட்டுகிறாள், அரசன் தன் குற்றத்தை உணர்ந்து உயிர் துறக்கிறான். கோயில் அதன் பின்னரே எழுகிறது. நீதி கேட்கப்படாதிருந்தால் பத்தினித் தெய்வம் இல்லை. சேரன் கொணர்ந்த இமயக்கல் கண்ணகியின் துயரை மூடும் கல்லன்று. அரசு செய்த கொலையை ஊரறியச் செய்த கல்.

இங்கு ஒரு தடை எழக்கூடும். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கோவலனது முற்பிறப்பை எடுத்துரைத்து, அவன் கொலையுண்டது பழவினைப் பயன் என்கிறதே, அது பொறுப்பைத் தெய்வத்தின்மேல் ஏற்றி ஆற்றும் முறையன்றோ என வினவலாம். தடை வலிமையுடையதே. ஆயின் ஊழ்வினை விளக்கம் எப்போது வருகிறது என்பது நோக்கத்தக்கது. மன்னன் மாண்டு மதுரை எரியுண்ட பின்னரே அத்தெய்வம் கண்ணகியின் பின்புறம் தோன்றுகிறது. வினைப்பயன் பற்றிய கூற்று, வழங்கப்பட்டுவிட்ட தீர்ப்பை மாற்றவில்லை. பாண்டியன் குற்றமற்றவன் ஆகவில்லை. நீதிக்குப் பின் வரும் ஊழ் ஆறுதலாகிறது. நீதிக்கு முன் வரும் ஊழ் ஏமாற்றாகிறது. இன்றைய ஆறுதல் உரைகளில் பலவும் இரண்டாம் வகையின என்பதே வருந்தத்தக்கது.

திருநெல்வேலியிலிருந்து தாராவி சென்றோரின் பூர்வீக நிலத்தில் இவ்வளவுகோல் இன்றும் வழக்கில் உள்ளது. வில்லுப்பாட்டில் பாடப்பெறும் தெய்வங்களுள் பல, கொலையுண்டு தெய்வமானவை. இக்கதைப்பாடல்களின் சமூக உள்ளடக்கத்தைத் தமிழுலகிற்கு உணர்த்தியவர் நா.வானமாமலை. பிறப்புக் கதை, இறப்புக் கதை என வில்லுப்பாட்டுக் கதைகளைப் பகுத்து ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் நூல் 1988இல் வெளிவந்தது. முத்துப்பட்டன் கதையில், அந்தணனாகப் பிறந்தவன் பூணூலைத் துறந்து, செருப்புத் தைக்கும் தொழிலை மேற்கொண்டு, பொம்மக்கா திம்மக்கா இருவரையும் மணக்கிறான். பின்னர் ஆநிரை காக்கும் போரில் மாண்டு தெய்வமாகிறான். கொடை நாளில் அவன் கதை பாடப்படும்போது அவன் எவ்வாறு இறந்தான் என்பது மறைக்கப்படுவதில்லை. கொலையைப் பாடாமல் கொடை நிறைவுறாது. நினைவை அழிக்காமலே ஆற்றும் முறை இது.

உடல் இல்லாத இழப்பு

நினைவை அழிக்காத ஆறுதலின் தேவையை மும்பைக் கலவரத்தில் காணாமற்போனோர் வரலாறு தெளிவாக்குகிறது. 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் அவர்களின் எண்ணிக்கை 168 எனக் குறிக்கப்பட்டது. அவர்களுள் 60 பேரின் குடும்பங்களுக்கே இழப்பீடு கிட்டியிருந்தது. எஞ்சிய 108 பேரின் வாரிசுகளைத் தேடிக் கண்டறியுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் ஒழுங்கைக் காத்து மக்கள் உரிமையைப் பேணுவதில் மாநில அரசு தவறியது என்பதையும் அது பதிவு செய்தது. நிகழ்ச்சிக்கும் இத்தீர்ப்பிற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

உடல் கிடைக்காத வீட்டில் எச்சடங்கைச் செய்வது? நீராட்டவோ அடக்கவோ எரிக்கவோ இயலாது. தாலியை அகற்றினால் அவன் இறந்தான் என்று மனைவியே அறிவித்ததாகும். அகற்றாவிடில் வாழ்க்கை ஓரிடத்தில் நின்றுவிடும். ஏழாண்டு செய்தி இல்லையெனில் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சட்டத்தின் கணக்கு. மனத்தின் கணக்கு அவ்வாறு முடிவதில்லை. இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டு 1999இல் ஒரு நூலில் ஆராய்ந்தவர் பாலின் பாஸ்.

இந்நிலையில் சமயம் ஆற்றும் பணியை ஈழத்து ஆய்வொன்று நன்கு விளக்குகிறது. போர்க்காலத்தில் மட்டக்களப்புப் பகுதியில் அம்மன் கோயில்களில் குறிசொல்வோரைக் குறித்துப் பாட்ரீசியா லாரன்ஸ் எழுதிய கட்டுரை 2000இல் வெளிவந்தது. பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைப் பற்றி வெளியில் பேசவே அஞ்சிய தாய்மார், அம்மன் ஏறிய வாக்கிடம் அவ்வினாவைக் கேட்டனர். பேச்சு அடக்கப்பட்ட காலத்தில் நடந்ததைப் பேசும் இடமாகச் சன்னதம் அமைந்தது. போரின் உளக்காயங்களை ஆராய்ந்த மருத்துவர் தயா சோமசுந்தரமும் மரபுச் சடங்குகளின் பயனை வலியுறுத்தியவரே. இங்குத் தெய்வ வாக்கு செய்தது மருத்துவம் மட்டுமன்று. அது சாட்சியம். மருந்து என்று மட்டும் எழுதுபவர் அச்சாட்சியத்தை ஆவணத்திலிருந்து நீக்கிவிடுகிறார்.

2006 குண்டுவெடிப்பில் உறவினரை இழந்தோர் நிலையும் இதனோடு எண்ணத்தக்கது. தனி நீதிமன்றம் 2015இல் தண்டித்த 12 பேரையும் மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 21 அன்று விடுவித்தது. அரசு மேல்முறையீட்டிற்குச் சென்றது. அத்தீர்ப்பைப் பிற வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது என உச்ச நீதிமன்றம் இடைக்காலத்தில் ஆணையிட்டது. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னும் செய்தவர் யார் என்பதற்கு உறுதியான விடையின்றி நிற்பவரிடம், 'நம்பிக்கை அமைதி தந்ததா?' என வினாநிரலில் குறியிடச் சொல்வது எத்தகைய ஆய்வு?

ஆரத்தி ஆயுதமான கதை

மருந்து வாய்பாட்டின் பெருங்குறை இனிக் கூறப்படுவது. கூட்டு வழிபாடு அச்சம் போக்கும், தனிமை நீக்கும், குழுவிற்கு வலிமை தரும் என்பன அவ்வாய்பாடு போற்றும் பயன்கள். இப்பயன்கள் யாவும் 1992 டிசம்பர் 26 முதல் மும்பையில் நடத்தப்பட்ட மகா ஆரத்திகளிலும் கிட்டின. சாலைகளில் பெருந்திரளாகக் கூடி நிகழ்த்தப்பட்ட அவை வகுப்புப் பதற்றத்தை வளர்த்தன என்றும், கலைந்து சென்ற கூட்டத்தினர் சிலவிடங்களில் வன்முறையில் இறங்கினர் என்றும் ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்துள்ளது. தாராவியில் டிசம்பர் 6 அன்றே பாபர் மசூதி இடிப்பைக் கொண்டாடும் மிதிவண்டி ஊர்வலம் நடத்தப்பட்டதையும் அவ்வறிக்கை கூறுகிறது. ஆரத்தியில் நின்றவர்க்கு அச்சம் தணிந்திருக்கலாம், நெஞ்சு நிமிர்ந்திருக்கலாம். மன ஆறுதலே அளவுகோல் என்றால் மகா ஆரத்தியும் வெற்றி பெற்ற சிகிச்சையாகிவிடும். அம்முடிவை ஏற்க எவரும் துணியார். எனவே அளவுகோலே பிழையுடையது என்பது தெளிவு.

தமிழ் மரபு இத்தீங்கிற்கு அப்பாற்பட்டது எனப் பெருமை கொள்ளவும் இடமில்லை. பாண்டி நாடு மழைவளம் இன்றி வருந்தியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்தான் எனச் சிலப்பதிகாரம் உரைக்கிறது. பொய் கூறியவன் ஒரு பொற்கொல்லன். பலியானவர் ஆயிரவர். கண்ணகி அரசனைப் பெயர் சுட்டிக் குற்றம் சாட்டினாள்; செழியனின் சடங்கோ குற்றத்தை ஒரு குலத்தின்மேல் ஏற்றியது. துயரம் நீதியாவதற்கும் பழிவாங்கலாவதற்கும் உள்ள வேறுபாடு ஒரே காப்பியத்திற்குள் இவ்வாறு பதிவாகியுள்ளது. பத்தினி வழிபாட்டின் பெருமையைப் பாடும் கட்டுரைகள் அந்த ஆயிரவரை விரைந்து கடந்துவிடுவது தற்செயலன்று.

பகுத்தறிவாளர்க்கு ஒரு சொல்

நம்பிக்கை அனைத்தும் மூடத்தனம் என்னும் எதிர்த்தரப்பும் இங்கு விடைகூறக் கடமைப்பட்டது. துயருற்றவரிடம் கருமம் பேசி அடக்குவதை அத்தரப்பு கண்டிப்பது முறையே. 'உன் தலைவிதி' என்னும் சொல் சாதியால் தாழ்த்தப்பட்டோரை எத்தனை தலைமுறைகள் வாய்மூட வைத்தது என்பதைப் பெரியாரும் அம்பேத்கரும் விளக்கியுள்ளனர். ஆனால் அம்பேத்கர் சமயத்தை விட்டு நீங்கவில்லை என்பது நினைவிற்குரியது. 1956 அக்டோபர் 14 அன்று அவர் பௌத்தம் தழுவினார். இழிவு என்னும் நெடிய காயத்திற்கு அவர் தேடியது மறதி தரும் சமயமன்று. காயத்தைச் செய்தவரைச் சுட்டவும் தன்மதிப்பை மீட்கவும் உதவும் சமயம். ஆகவே சிக்கல் நம்பிக்கையா நம்பிக்கையின்மையா என்பதன்று. நினைவா மறதியா என்பதே.

ஆய்வாளர் செய்யவேண்டுவன

மேற்கூறியவற்றால் களஆய்வில் மூன்று வினாக்கள் கட்டாயமாகின்றன. இவ்வழிபாடு யாருடைய இழப்பைப் பெயர் சொல்லி நினைக்கிறது? அவ்விழப்பிற்கு யார் பொறுப்பு எனக் கூறுகிறது? அப்பொறுப்பைச் செய்தவர்மேல் ஏற்றுகிறதா, துயருற்றவர்மேலேயே ஏற்றுகிறதா, தொடர்பற்ற ஓர் இனத்தின்மேல் ஏற்றுகிறதா? இம்மூன்றையும் கேளாமல் 'ஆறுதல் பெற்றனர்' என முடிக்கும் ஆய்வேடு முழுமையுற்றதாகாது.

இதற்கு முதற்கண் வேண்டப்படுவது பெண்களின் சொல். தமிழ் ஒப்பாரியை விரிவாக ஆராய்ந்த இசபெல் கிளார்க் தெசேயின் நூல் 2005இல் வந்தது. இறந்தவருக்காக மட்டும் அழப்படுவதில்லை, அழுபவள் தன் வாழ்வின் குறைகளையும் சேர்த்தே அழுகிறாள் என்பது அந்நூலால் அறியலாகும் உண்மை. புலம்பெயர்ந்தோரின் ஒப்பாரியில் ஊர், நகர், கலவரம், காவலர், இழப்பீட்டு அலுவலகம் யாவும் இடம்பெறுகின்றனவா என ஆராய வேண்டும். அடுத்து, இந்துக் கோயில்களோடு நில்லாமல் தமிழ் முஸ்லிம்கள், தமிழ்க் கிறித்தவர்கள் துக்கம் காக்கும் முறைகளும் தொகுக்கப்பட வேண்டும். மாண்டோரில் பெரும்பாலோர் எச்சமயத்தவர் என்பதை ஆணையத்தின் எண்களே கூறும்போது, தமிழர் துயரை இந்துக் கோயில் வாயிலோடு முடிப்பது உண்மைக்கு மாறானது.

காலம் குறைவு என்பதும் உணரத்தக்கது. தாராவி மறுசீரமைப்பிற்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. வீடும் கடையும் எண்ணிடப்பட்டுப் பட்டியலில் ஏறும். ஒரு சந்தின் முனையில் யார் நினைவாக ஒரு விளக்கு ஏற்றப்படுகிறது என்பதை எழுதுவதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இராது. அதனை எழுதும் பொறுப்பு தமிழாய்வினுடையது.

முடிவுரை

சமய நம்பிக்கை துயரைத் தாங்க உதவும் என்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. தாங்கப்படுவது எது என்பதை ஆராயாமல் தாங்குதலை மட்டும் போற்றும் போக்கையே மறுக்கிறது. தேவந்தி காட்டிய வழி, செழியன் காட்டிய வழி, கண்ணகி காட்டிய வழி என மூன்று வழிகள் தமிழர்முன் உள்ளன. முதலாவது நீராடி மறக்கச் சொல்கிறது. இரண்டாவது தொடர்பற்றவரைப் பலியிட்டு அமைதி தேடுகிறது. மூன்றாவது உரியவரிடம் வழக்குரைத்து, அவ்வழக்கையே கல்லில் நிறுத்தி வழிபடச் செய்கிறது. 108 குடும்பங்களைத் தேடுமாறு 2022இல் ஒரு நீதிமன்றம் கூற நேர்ந்த நகரில், எவ்வழியைப் போற்றி எழுதுவது என்பது தமிழாய்வாளர் தேர்ந்துகொள்ள வேண்டிய கடமையாகும்.